பத்து மடங்குக் கைலென்ஸ்: நாட்டு மருந்துக்கடையில் ஒரு வருடம்

கும்பகோணத்தில் எங்கள் நாட்டு மருந்துக்கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே சுவரில் ஓர் ஆணி உண்டு. அப்பா காலத்தில் அதில் ரசீது குத்தும் கம்பி தொங்கும். போன ஐப்பசியிலிருந்து அதில் சிவப்புக் கயிற்றில் கோத்த ஒரு கைலென்ஸ் தொங்குகிறது. மடக்கி வைத்தால் பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். திறந்தால் 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி. பக்கவாட்டில் 10 மடங்கு என்று பொறித்திருக்கிறது. கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. விலை 650 ரூபாய். ஒரு வருடம் தினமும் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது, அதனால் இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். மூலிகை வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், தாவரவியல் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் இது பயன்படும்.

இதை வாங்கவேண்டி வந்த கதையைச் சொன்னால்தான் நான் எதைப் பார்த்து நல்லது என்கிறேன், எதைக் குறை என்கிறேன் என்பது புரியும்.

கொள்ளிடக் கரைப் படுகையிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஒரு பாட்டி சரக்கு கொண்டுவருவார். கீழாநெல்லி, கரிசாலை, தூதுவளை, குப்பைமேனி, மழைக்காலமானால் நிலவேம்பு. எல்லாம் வேரோடு பிடுங்கி, மண் உதறி, வாழைநாரில் கட்டிக் கொண்டுவருவார். எடை போட்டு வாங்கி மாடியில் நிழலில் உலர்த்துவோம். போன வருடம் ஐப்பசி அடைமழை விட்ட வாரத்தில் ஒரு சின்னக் கட்டைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இதான் பாப்பா நெசமான சிறியாநங்கை. எங்க மாமியா காட்டிக் குடுத்தது" என்றார்.

எங்கள் கடையில் சிறியாநங்கை என்று கேட்டால் நிலவேம்பைத்தான் கொடுப்போம். பெரும்பாலான கடைகளில் அப்படித்தான். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். கசப்பே இல்லை. நிலவேம்பை வாயில் வைத்தால் கசப்பு தொண்டைவரை இறங்கும், மோர் குடித்தாலும் போகாது. இது சாதாரணப் புல்லை மென்றதுபோல இருந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கையை நீட்டியவள், அப்பா சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். இந்தப் பெயரை நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிக்குச் சொல்கிறார்கள், வாங்கும்போது பெயரைக் கேட்காதே, செடியைப் பார் என்பார் அவர். சரி, பார்க்கலாம் என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு சாண் உயரம், கம்பி மாதிரித் தண்டு, ஒடுங்கிய இலைகள், இலைக்கக்கத்தில் கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிதாக மஞ்சள் பூக்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு 47 வயது, வெள்ளெழுத்து வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆனால் இருபது வயதுக் கண்ணுக்கும் அந்தப் பூவின் உள்ளே இருப்பது தெரிந்திருக்காது என்று இப்போது தெரியும்.

அந்தக் கட்டைப் பழைய பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு லென்ஸ் தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஆன்லைனில் வாங்கியது தண்டம். 60 மடங்கு, விளக்கு வைத்தது என்று போட்டிருந்தார்கள். 280 ரூபாய். விளக்கு எரிந்தது, மற்றபடி கண்ணாடி ஓரமெல்லாம் வளைந்து, நடுவில் ஓர் உளுந்தளவு இடம்தான் தெளிவாகத் தெரிந்தது. அது 60 மடங்கே இல்லை என்பதை நானே அளந்து பார்த்தேன். அளக்கும் முறை எளிது. பள்ளிக்கூடத்து கிராஃப் தாளில் ஒரு மில்லிமீட்டர்க் கட்டத்தை லென்ஸ் வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். அதே நேரம் கண்ணிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில் ஓர் அடிக்கோலை வைத்து இன்னொரு கண்ணால் பாருங்கள். இரண்டு காட்சியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். லென்ஸில் தெரியும் ஒரு மில்லிமீட்டர், அடிக்கோலில் எத்தனை மில்லிமீட்டரை மறைக்கிறதோ அத்தனை மடங்கு. பழகப் பத்து நிமிஷம் ஆகும். அந்த 60 மடங்கு லென்ஸ் என் கணக்கில் ஒன்பதைத் தாண்டவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள் என்று இதற்காகவே அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் போனில் மாட்டும் கிளிப் லென்ஸ். என் மகன் கொடுத்தது. படம் எடுத்து யாருக்காவது அனுப்ப நல்லது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் படுகையில் காற்றடிக்கும்போது செடி ஆடும், கை ஆடும், போனின் நிழலே பூமேல் விழும். பூவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முடியாது. ஒரு பூவை அறிந்துகொள்ள அதைத் திருப்பிப் பார்த்தாகவேண்டும்.

மூன்றாவதாகத்தான் இது. எங்கள் தெருவில் நகை வேலை செய்யும் பத்தர் ஒருவர், கல் பதித்த மோதிரத்தைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். பத்தர்களுக்கு உலை, இடுக்கி, உரைகல் விற்கும் கடையிலேயே கிடைக்கும், மூன்று கண்ணாடி ஒட்டியதாகக் கேட்டு வாங்குங்கள் என்றார். ஒற்றைக் கண்ணாடியில் ஓரத்தில் வானவில் மாதிரி நிறம் பிரியும், கோடு வளையும். மூன்று வில்லைகளைச் சேர்த்து ஒட்டினால் அது பெருமளவு சரியாகிவிடும். கடையில் இரண்டு லென்ஸையும் கிராஃப் தாள்மேல் வைத்துப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணாடியில் கட்டங்கள் ஓரத்தில் வளைந்தன, இதில் நேராக நின்றன. அங்கேயே எடுத்துக்கொண்டேன்.

பிடிக்கும் விதத்தையும் பத்தர்தான் சொல்லிக் கொடுத்தார். இது தெரியாமல்தான் நிறையப் பேர் லென்ஸ் சரியில்லை என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். பொருளுக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்துக்கொண்டு எட்டி நின்று பார்க்கக் கூடாது. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்கவேண்டும். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அதோடு ஒட்டலாம். லென்ஸ் பிடித்த கையின் சுண்டுவிரலைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் பூவைக் கண்ணை நோக்கி மெதுவாகக் கொண்டுவரவேண்டும். ஓர் அங்குலம் இருக்கும்போது சட்டென்று தெளியும். 10 மடங்கு லென்ஸுக்குக் குவியத் தூரம் 25 மில்லிமீட்டர்தான். வெளிச்சம் பூவின்மேல் விழவேண்டும், உங்கள் தலை மறைக்கக் கூடாது. இன்னொரு கண்ணை மூடாதீர்கள், மூடினால் ஐந்து நிமிஷத்தில் தலை வலிக்கும்.

இனி அந்தப் பூ.

பேப்பர் சுருளைப் பிரித்து, வாடாத ஒரு பூவைக் கிள்ளி, கடை வாசல் வெயிலில் நின்று பார்த்தேன். முதலில் பயற்றம்பூ என்று நினைத்தேன். தாளடி அறுவடைக்கு முன்னால் ஈரத்தில் தெளிக்கும் உளுந்து, பயறு வளர்ந்து பூக்கிறதே, அதைப் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். இரண்டு பக்கமும் இறக்கை, கீழே ஒரு படகு. ஆனால் காம்பைத் திருப்பியதும் கணக்கு மாறியது. பயற்றம்பூவில் இறக்கைகள் அல்லி இதழ்கள். இதில் இறக்கையாக விரிந்திருந்தவை புல்லி இதழ்கள். ஐந்து புல்லி இதழில் வெளியே மூன்று சின்னதாகப் பச்சையாக இருக்க, உள்ளே இருக்கும் இரண்டு மட்டும் இதழ் மாதிரி பெரிதாக வளர்ந்து இரண்டு பக்கமும் நின்றன. அல்லி இதழ் மூன்றே மூன்று. கீழிதழ் படகுபோல் குவிந்து, அதன் மூக்கில் ஒரு குஞ்சம் தொங்கியது. சிறு பிள்ளையின் சடை நுனியில் கட்டும் குஞ்சலம் அப்படியே இருக்கும். கிளை கிளையாகப் பிரிந்த மஞ்சள் இழைகள். வெறும் கண்ணுக்கு மஞ்சள் பொட்டாக இருந்ததற்குள் இப்படி ஒரு வேலைப்பாடு. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, கடைப் பையன் வந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனேன்.

அந்தக் குஞ்சம்தான் பாலிகலாவின் அடையாளம். பாலிகலேசியே குடும்பத்தின் பெரிய பேரினம் அது. பாலிகலா என்றால் கிரேக்கத்தில் நிறையப் பால் என்று பொருள், மேய்ந்த மாடு அதிகம் கறக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். பயற்றம்பூ என்று என் கண் சொன்னதும் முழுத் தப்பில்லை. இன்றைய வகைப்பாட்டில் பயறு வகைகளும் இந்தக் குடும்பமும் ஃபேபேல்ஸ் என்ற ஒரே வரிசையில்தான் வருகின்றன, பங்காளி உறவு. ஆனால் பூ ஒத்திருப்பது வேறு வேறு உறுப்புகளைக் கொண்டு ஒரே மாதிரி வேஷம் கட்டியதால் என்பதைக் கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் மனதில் நிற்கிறது.

ஆக, பாட்டி கொண்டுவந்ததும் சிறியாநங்கைதான், ஆனால் நிலவேம்பு இல்லை. பாலிகலா இனங்களில் சிலவற்றுக்கும் இந்தப் பெயரைச் சொல்லும் வழக்கம் உண்டு. இரண்டுக்கும் குடும்பமே வேறு, குணமும் வேறு. ஒன்றைக் கேட்டவருக்கு இன்னொன்றைக் கொடுத்தால் அது மருந்தாகாது. 2012ல் டெங்கு வந்தபோது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுக்க ஆரம்பித்தது. அதிலிருந்து மழைக்காலம் வந்தால் எங்கள் கடையில் நிலவேம்புக்குத்தான் கூட்டம். தேவை கூடும்போது சரக்கில் கலப்பும் கூடும். யாரும் வேண்டுமென்றே செய்யவேண்டியதில்லை, இருட்டுவதற்குள் பிடுங்குகிற கை பக்கத்தில் நிற்பதையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

லென்ஸ் எனக்கு உண்மையில் சோறு போடுவது இந்த இடத்தில்தான். பச்சையாக வந்தால் பூவைப் பார்க்கலாம். உலர்ந்து நொறுங்கி மூட்டையில் வரும் சமூலத்தில், அதாவது வேர் முதல் பூ, காய் வரை முழுச் செடியில், என்ன பார்ப்பது? வாயில் போட்டுப் பார்த்தால் நிலவேம்பின் கசப்பு மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். பத்துக்கு இரண்டு பங்கு வேறு செடி இருந்தாலும் நாக்குக்குத் தெரியாது.

நான் செய்வது இதுதான். மூட்டையின் மேலே, நடுவே, அடியே ஒவ்வொரு கைப்பிடி எடுத்துச் சல்லடையில் போட்டுத் தட்டுவேன். அடியில் விழும் தூசியை வெள்ளைத் தாளில் பரப்பி, லென்ஸைக் கண்ணில் வைத்துத் தாளைத் தூக்கிப் பார்ப்பேன். விதைகள் பொய் சொல்வதில்லை. நிலவேம்பு விதை மங்கிய மஞ்சள் பழுப்பு, கிட்டத்தட்ட சதுரம், மேலெல்லாம் குண்டும் குழியும். கருப்பட்டியை உடைத்த சில்லு மாதிரி இருக்கும். அதன் காய் வெடித்த ஓடும் கூடவே கிடக்கும், உள்ளே விதையைத் தாங்கியிருந்த சின்னக் கொக்கிகள் லென்ஸில் தெளிவாகத் தெரியும். பாலிகலா விதை வேறு சாதி. கருப்பு. உடம்பெல்லாம் வெள்ளைப் பட்டு முடி படிந்திருக்கும். தலையில் வெள்ளையாக ஒரு சதைக் குல்லாய், ஓரங்கள் மடல்போல் கீழே இறங்கியிருக்கும். ஒரு காய்க்கு இரண்டே விதை. காயும் தட்டையாக, உச்சியில் ஒரு வெட்டோடு இருக்கும். ஒருமுறை லென்ஸில் பார்த்துவிட்டால் இரண்டையும் மாற்றிச் சொல்லவே முடியாது.

அந்தக் குல்லாய் எதற்கு என்பதை மார்கழியில் பாட்டியோடு படுகைக்குப் போனபோது பார்த்தேன். வரப்பில் சிற்றெறும்புகள் இந்த விதையை இழுத்துக்கொண்டு போயின. எறும்பு தின்னுவது அந்தச் சதையை மட்டும்தான், எண்ணெய்ச் சத்துள்ளது. விதை புற்றருகே கிடந்து முளைக்கும். குந்தி உட்கார்ந்து, ஓர் எறும்பை விதையோடு இலைமேல் ஏறவிட்டு, இலையைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தோம். எறும்பு குல்லாயைத்தான் கவ்வியிருந்தது.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சிறியாநங்கை பாம்புக்கடிக்கு மருந்து என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வட அமெரிக்காவிலும் செனிகா பழங்குடியினர் இந்தக் குடும்பத்துச் செடி ஒன்றின் வேரைப் பாம்புக்கடிக்கு வைத்திருந்தார்கள், பிறகு அது செனிகா வேர் என்ற பெயரில் சளி மருந்தாக மேலைநாட்டு மருந்து நூல்களில் ஏறியது. நம்பிக்கை எங்கும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது. ஆனால் பாம்பு கடித்தவருக்கு நான் எந்த நங்கையையும் விற்பதில்லை. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புவேன், அங்கேதான் விஷமுறிவு மருந்து இருக்கிறது.

இந்த லென்ஸின் முழுத் திறமையும் தெரிந்தது போன ஓணம் விடுமுறையில். என் தங்கையைத் திருச்சூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் அங்கே கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். "பெரியம்மா, உங்க லென்ஸுக்கு ஒரு பரீட்சை" என்று மலையாளப் பத்திரிகைக்குள் வைத்து அழுத்திய செடி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவர்கள் ஊர்ப்பக்கம் மழையில் நீர் ஊறிக் கிடக்கும் புல்வெளியில் எடுத்தது. ஒரு சாண்கூட இல்லை. காம்பில்லாத சின்ன இலைகள் தண்டை ஒட்டி நின்றன. உச்சியில் இளஞ்சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றி வைத்ததுபோல் ஒரு கதிர். பூ ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான்.

நான் பாலிகலா என்றேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

பூவை வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டால் உலர்ந்த இதழ் மறுபடி விரியும், அவள் சொல்லிக் கொடுத்தது. விரிந்ததை ஊசி முனையில் ஏந்திப் பார்த்தேன். மூன்று இதழ், நடுவில் படகு. குஞ்சத்தைத் தேடினேன். இல்லை. படகின் மூக்கு மொழுக்கென்று இருந்தது. இன்னொரு பூவை எடுத்தேன், அதிலும் இல்லை. புல்லி இதழ்களைப் பார்த்தால் ஐந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி, இறக்கையாக எதுவும் பெருக்கவில்லை. கீழே பழுத்த காய்க்கு வந்தேன். தட்டையாக, அவரை விதை மாதிரி அகலவாட்டில் இருந்தது, ஓரத்தில் சீப்புப் பல் போல் வரிசையாகப் பற்கள். முழுக் காயும் எள்ளளவுதான், அதன் விளிம்பில் அத்தனை பல். விதை கருத்து மினுமினுத்தது, வெள்ளை முடி இல்லை.

அது சாலமோனியா. அதே குடும்பத்தில் ஒரு சின்னப் பேரினம், இனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் கொண்டுவந்தது சாலமோனியா சிலியாட்டா. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாகச் சீனா, ஜப்பான், வட ஆஸ்திரேலியா வரைக்கும் ஈர நிலங்களில் இருக்கிறது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ல் இதைப் பாலிகலா என்றே பெயரிட்டிருந்தார், நான் சொன்ன அதே பதில்தான். சாலமோனியா என்ற பேரினத்தை 1790ல் வகுத்தவர் லூரெய்ரோ, வியட்நாம் பக்கம் பல ஆண்டு இருந்த போர்ச்சுகீசியப் பாதிரியார். அப்புறம் 1824ல் டி கந்தோல் என்ற சுவிஸ் தாவரவியலாளர்தான் சிலியாட்டாவை இதற்குள் கொண்டுவந்து சேர்த்தார். இலையே இல்லாமல், தன் உணவைத் தான் சமைக்காமல் மண்ணிலுள்ள பூஞ்சையை நம்பி வாழும் சில செடிகளையும் ஒரு காலத்தில் இந்தப் பேரினத்தில் வைத்திருந்தார்கள், இப்போது எபிரிக்சாந்தஸ் என்று பிரித்துவிட்டார்கள்.

லென்ஸின் எல்லையும் அன்றுதான் தெரிந்தது. பாலிகலாவில் எட்டு மகரந்தத் தாள்கள் ஒன்றாக ஒட்டி ஓர் உறை மாதிரி இருக்கும். சாலமோனியாவில் பெரும்பாலும் நான்கு. அதை எண்ணிக் காட்டு என்றாள் அவள். படகைப் பிளந்து பார்த்தேன். உறை தெரிந்தது, நுனியில் பைகள் இருப்பது தெரிந்தது. நான்கா ஐந்தா என்று உறுதியாகச் சொல்ல 10 மடங்கு போதவில்லை. அவளுடைய 20 மடங்கு லென்ஸில் எண்ண முடிந்தது. ஆனால் அதை வைத்துக் கண்ணிலிருந்து பூவுக்கு அரை அங்குலம்தான் இடைவெளி. இமை பூவில் இடிக்கிறது, வெளிச்சம் உள்ளே போகவில்லை, மூச்சு விட்டால் குவியம் தப்புகிறது. எண்ணவேண்டியதைக் கல்லூரி நுண்ணோக்கியில் எண்ணிக்கொள்ளலாம். கையில் ஒன்றுதான் வைத்திருக்க முடியும் என்றால் 10 மடங்கையே வாங்குங்கள். எங்கள் கடை வேலைக்கு 20 மடங்கு ஒரு நாளும் தேவைப்படவில்லை.

தாவரங்களை அடையாளம் காணும் நூல்கள் எவ்வளவு பெரிய சொத்து என்பதும் லென்ஸ் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியத்தை (உலர்த்தி அழுத்திய செடிகளின் காப்பகம்) 1967ல் தொடங்கிய பாதிரியார் கே.எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1980களின் தொடக்கத்தில் பெரிய தொகுதிகளாக எழுதினார். காவிரிக் கரையில் உட்கார்ந்து செய்த வேலை. என் தங்கை மகள் அதன் பக்கங்களை நகலெடுத்துக் கொடுத்தாள். இந்த மாதிரி நூல்களில் விதையில் குல்லாய் உண்டா, விளிம்பில் முடி உண்டா என்று கேள்வி கேட்டுக்கொண்டே கூட்டிப்போவார்கள். லென்ஸ் இல்லாதவர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். என் கையில் லென்ஸ் இல்லாத நாளில் அந்தப் பக்கங்களைக் கொடுத்திருந்தால் பத்திரமாக மடித்து வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

தரங்கம்பாடிக்குக் குடும்பத்தோடு போனபோது இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். 1768ல் அங்கே வந்து இறங்கிய தாவரவியலாளர் கோனிக், லின்னேயஸிடம் படித்தவர். இந்தக் கடற்கரையிலிருந்து தொடங்கித் தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்தார். கோட்டைக்கு எதிரே மணலில் மண்டிக்கிடந்த பூண்டுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு முறை பார்க்கக் கொடுத்தேன். ஒரு பையன் பூவை விட்டுவிட்டுத் தன் விரல் ரேகையைப் பார்த்தான். வேர்வைத் துவாரம் ரேகையின் முகட்டில் வரிசையாக இருக்கிறது என்று அவன்தான் எனக்குக் காட்டினான்.

இனிக் குறைகள். முதலாவது, மடக்கும் இடத்திலுள்ள திருகு. இரண்டு மாதத்தில் தளர்ந்து, கண்ணாடி தானே உறையிலிருந்து வெளியே வந்து தொங்க ஆரம்பித்தது. சின்னத் திருப்புளியால் முடுக்கினால் சரியாகிவிடும், ஆனால் இதுவரை ஐந்து முறை முடுக்கியாகிவிட்டது. திருகுமேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்த பிறகு நிற்கிறது. இரண்டாவது, மேல்பூச்சு. கை வேர்வை படும் இடத்தில் உரிந்து உள்ளே பித்தளை தெரிகிறது. பார்வைக்குத்தான் குறை, வேலைக்கு இல்லை. மூன்றாவது கொஞ்சம் பெரியது. கார்த்திகை ஈரத்தில் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய புகை மாதிரி படிந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஒட்டிய வில்லைகளுக்கு நடுவே ஈரம் போனால் பூஞ்சை பிடித்து லென்ஸ் வீணாகும் என்று பத்தர் சொன்னதும் பயந்துவிட்டேன். மருந்துப் பாட்டிலில் போட்டு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தேன், அவற்றோடு ஒரு டப்பாவில் நான்கு நாள் மூடி வைத்தேன். புகை போய்விட்டது. அதிலிருந்து மழை மாதங்களில் இரவு ஆணியில் தொங்கவிடாமல் டப்பாவில்தான் வைக்கிறேன். டெல்டாவில் இருப்பவர்கள் வாங்கிய அன்றே டப்பாவையும் தயார் செய்யுங்கள்.

துடைக்கும்போது முந்தானையால் துடைக்காதீர்கள். எங்கள் கடை மாதிரி தூசி பறக்கும் இடத்தில் துணியே உப்புத்தாள் ஆகிவிடும். முதலில் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, அப்புறம் துவைத்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். வெயிலில் உலர்ந்த சரக்குமேல் திறந்தபடி வைத்துவிட்டுப் போகாதீர்கள், கண்ணாடி வெயிலைக் குவித்துத் தீ வைத்துவிடும். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, குழந்தைகள் கையில் கொடுக்கும்போது முதலில் இதைச் சொல்லுங்கள். கயிறு நல்ல சிவப்பாக இருக்கட்டும். கருப்புக் கயிற்றோடு ஒருமுறை வரப்பில் தவறவிட்டு அரைமணி நேரம் தேடினேன்.

விவசாயிகளுக்கும் இதைச் சொல்வேன். எங்கள் சித்தப்பா இதை வாங்கிப்போய் நாற்றங்காலில் இலை நுனி சுருண்டிருந்ததைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இலைப்பேன் ஊர்ந்தது. இப்போதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மருந்தடிக்கிறார், பேனே இல்லாத வயலுக்கு மருந்தடிக்கும் செலவு அவருக்கு இனி இல்லை. 650 ரூபாய் அவருக்கு அந்தப் போகத்திலேயே திரும்பிவிட்டது.

பாட்டியிடம் லென்ஸைக் கொடுக்கப் பல வாரம் ஆயிற்று. எனக்குக் கண்ணே தெரியாது பாப்பா என்று தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வியாழக்கிழமை முக்காலியில் உட்காரவைத்து, சுண்டுவிரலைக் கன்னத்தில் ஊன்றக் காட்டி, மஞ்சள் பூவை நானே அவர் கண்ணருகே கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அம்மாடி, கொண்டையில குஞ்சலம் கட்டியிருக்காடி" என்றார். அறுபது வருடமாகப் பிடுங்கும் செடி, இதைப் பார்த்ததில்லையே என்று மறுபடி மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் கொண்டுவரும் கட்டுகள் பிரிந்து வருகின்றன. நிலவேம்பு வாழைநாரில். குஞ்சலக்காரி சிவப்பு நூலில்.

அதே கடையில் இன்னொரு லென்ஸ் வாங்கிக் கயிறு கோத்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வருவார்.